அவ பசியாறிட்டாளா?

அக்கா மேடையில் ஒரு நாளும் கல்யாணம் கட்டியதில்லை. காதலுக்காக நஞ்சு குடித்ததும் இல்லை. ஓபராவில் அந்த இரண்டு பாக்கியமும் பெரும்பாலும் சொப்ரானோ என்கிற உச்சக்குரல்காரிகளுக்குத்தான். அக்காவுடையது அதற்கு ஒரு படி கீழே நிற்கிற குரல், மெஸோ சொப்ரானோ. அந்தக் குரலிலும் நாயகிகள் உண்டு என்று பிறகுதான் அறிந்தேன். அக்காவுக்கு அவை வரவில்லை. அவர் போய்க் கேட்டதும் இல்லை. மாமியார், வேலைக்காரி, சூனியக்காரி, குறி சொல்லுகிறவள், மடத்துத் தலைவி, சில வேளை காற்சட்டை மாட்டிய பொடியன். நாயகி மூன்று அங்கமும் அழுது முடிப்பதற்குள் இவர் வந்து ஒரு கதவைத் திறந்துவிட்டு, ஒரு பாட்டைப் பாடிவிட்டுப் போய்விடுவார்.

பிறகு சனம் வீட்டுக்குப் போகிற ரயிலில் அந்தக் கதவைத் திறந்தவளைப் பற்றியே கதைத்துக்கொண்டு போகும். நானே அந்த ரயிலில் இருந்து கேட்டிருக்கிறேன். என்னுடைய ஆள் என்று எழும்பிச் சொல்லவேண்டும் போல இருக்கும். சொன்னதில்லை.

நான் பாட்டுக்காக ஓபராவுக்குள் போனவள் அல்ல. சிட்னியில், செவன் ஹில்ஸ் பக்கம் ஆஸ்பத்திரிச் சீருடை தைக்கிற தொழிற்சாலை ஒன்றில் மெஷினில் இருந்தேன். அதை இழுத்து மூடியபோது, ஓபரா கம்பனி ஒன்றின் உடைப்பகுதியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஊசியைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். முதல் கிழமை வீட்டில் மனிசன், "எப்பிடி வேலை?" என்று கேட்க, "நல்ல சனம், சரியான சத்தம்" என்று சொன்னேன். அப்போது எனக்கு அது பாட்டாகவே படவில்லை. ஒருத்தன் கத்திக்குத்து வாங்கிய பிறகும் நெஞ்சை நிமிர்த்திப் பாடிக்கொண்டே இருந்தான். அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோவன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

எனக்கு ஒதுக்கிய பாடகி அக்கா. என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு தங்கச்சி?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம், அக்கா."

"நான் ஈப்போ. சரி, இந்தப் பாவாடையைப் புடி."

அறிமுகம் அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்குச் சத்திரக்காரன் மனைவி வேடம். நான் இடுப்பில் கொளுக்கியைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, "இவ பசியாறிட்டாளா?" என்றார்.

"ஆரக்கா?"

"இவதான் லா, இந்தச் சத்திரக்காரி. காலையில இருந்து ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டிருக்கா. அவ வாயில ஏதாச்சும் வச்சாளா இல்லையா?"

"கதையில அப்பிடி ஒண்டும் இல்லையே."

"கதையில இருக்காது. எழுதுனவரு பசியாறிட்டு எழுதிருப்பாரு."

நாங்கள் ஒருவரை ஒருவர் கண்டால் சுகமோ என்று கேட்கிற மாதிரி, மலேசியத் தமிழர் காலையில் கண்டால் பசியாறியாச்சா என்றுதான் கேட்பார்களாம். அக்கா அதை மனிதரோடு நிறுத்தவில்லை. தனக்கு வந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் முதல் நாளே பிடித்துவைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார். நெறியாளர்களிடம் அதையே ஆங்கிலத்தில் கேட்பார். சிலர் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அக்கா பதில் வரும்வரை பேசாமல் நிற்பார். பதில் வராவிட்டால் தானே முடிவெடுத்துவிடுவார்.

சத்திரக்காரி பசியாறவில்லை என்று முடிவானது. அந்தக் காட்சியில் நாயகனும் நாயகியும் மேசையின் இரண்டு பக்கமும் நின்று உருகி உருகிக் காதல் பாட்டுப் பாடுவார்கள். சத்திரக்காரிக்கு அங்கே வேலை, சுவரோடு நிற்பது மட்டும்தான். அக்கா சுவரோடுதான் நின்றார். ஆனால் மேசையில் கிடந்த பாண் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாயகன் கையை வீசினால் பாணுக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று அவருடைய கண் துடிக்கும். பாட்டு முடிந்து இருவரும் கட்டிப்பிடிக்கிற நேரம், அக்கா மெல்ல வந்து அந்தப் பாணை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். அரங்கம் கொல்லென்று சிரித்தது, உடனே ஏனோ அமைதியானது. மறுநாள் பேப்பரில் நாயகனின் குரலுக்கு ஒரு வரி, அந்தப் பாணுக்கு ஒரு பந்தி. நாயகன் அந்த சீசன் முழுக்க அக்காவுக்கு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அக்கா அவருக்கு ஒவ்வொரு நாளும் குட்மோர்னிங் சொன்னார்.

பிறகு ஒரு சூனியக்காரி வந்தாள், பிள்ளைகளைப் பிடித்துத் தின்கிறவள். வழக்கமாக அவளைப் பசியால் துடிக்கிறவளாக, நாக்கைச் சப்புக்கொட்டுகிறவளாகத்தான் போடுவார்களாம். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்ல தங்கச்சி, இவ வயிறு நிறைய சாப்பிட்டுட்டா" என்றார். மேடையில் அவர் செய்தது ஒன்றுமில்லை. வந்தார், கதிரையில் சாய்ந்தார், இடுப்புநாடாவைத் தளர்த்திவிட்டார், அந்தப் பிள்ளைகளை அவசரமில்லாமல் பார்த்தார். நாளைக்கு என்று யோசிக்கிற பார்வை. முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் தாய்மாரின் மடிக்குள் புகுந்தார்கள். பக்கத் திரைக்குப் பின்னால் நின்ற நானே ஓரடி பின்னுக்குப் போனேன்.

அதிலும் ஒரு விசித்திரம் என்னவென்றால், பாத்திரம் பசியாறாதவள் என்றால் அக்காவும் அந்த நாட்களில் காலைச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுவார். பசியாறியவள் என்றால் பெட்டி பெட்டியாகச் சாப்பாடு வரும். சூனியக்காரி சீசனில் எங்கள் உடைப்பகுதி முழுக்க நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு மணந்தது. எனக்கு அந்தச் சூனியக்காரியைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்காவை நம்பி வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது என்பதை என் மகளின் பிறந்தநாளில் கண்டுகொண்டேன். வந்தவர் என் மனிசனின் தாய்க்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். மாமிக்கு ஒரு பழக்கம். யாராவது ஏதாவது சொன்னால் உடனே பதில் சொல்லமாட்டா. கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டு, அந்த ஆளை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பா. அதற்குள் கேட்ட ஆளுக்குத் தான் ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பதினெட்டு வருடமாக நான் அனுபவிக்கிற விசயம்.

அடுத்த சீசனில் அக்கா மடத்துத் தலைவி. மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சின்னக் கன்னியாஸ்திரி முழங்காலில் இருந்து கெஞ்சுகிறாள். அக்கா பதில் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றினார். அங்கியின் ஓரத்தால் துடைத்தார். போட்டார். மேலிருந்து கீழாகப் பார்த்தார். நான் கதிரைக்குள் கீழே சரிந்தேன். மாமி என் காதுக்குக் கிட்ட வந்து, "உந்த மனுசிக்குச் சரியான எடுப்பும் திமிரும், என்ன?" என்றா.

"ஓம் மாமி" என்றேன்.

இவ்வளவையும் சொன்னது, ஒரு பாட்டு அக்காவுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக. அவருக்குக் கிடைத்ததே ஒரு ஓபராவுக்கு ஒரு பாட்டு. சிலதில் அதுவும் இல்லை. அந்த ஒரு பாட்டை ஒரு நெறியாளர் வெட்டிவிட்டார்.

அவர் பேச்சு நாடகத்தில் பெரிய பெயர் எடுத்து, மெல்பேர்ணிலிருந்து வந்த இளைஞர். கெட்டிக்காரன், மரியாதையானவர், எங்கள் உடைப்பகுதிக்கு வந்து எல்லோருடைய பெயரையும் கேட்டுப் பாடமாக்கியவர். ஓபரா மட்டும் அவருக்கு அதுதான் முதல் தடவை. அந்த ஓபரா அதிகம் போடப்படாத ஒன்று. துறைமுகத்து வீடு ஒன்றில் கல்யாண நாள். மாப்பிள்ளை விடியற்புறமே கப்பலேறிப் போய்விட்டான். அதை ஜன்னலால் கண்டவள் வேலைக்காரக் கிழவி ஒருத்திதான். வீடு முழுக்க விருந்து நடக்கிறது. கிழவி மட்டும் ஒரு அறையில் நின்று, நடக்கப்போவதில்லை என்று தனக்குத் தெரிந்த கல்யாணத்துக்கு, மணப்பெண்ணின் உடுப்பை இஸ்திரி போடுகிறாள். போட்டபடி பாடுகிறாள். மூன்றாம் அங்கத்தில் வருகிற அந்தப் பாட்டுத்தான் அக்காவுடையது.

இங்கே ஓபராக்காரரின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒத்திகைக் கிழமைகளில் அனுபவப்பட்ட பாடகர்கள் முழுக்குரலில் பாடமாட்டார்கள். குரல் ஒரு தசை; காலையும் மாலையும் போட்டு இழுத்தால் அரங்கேற்றத்துக்குள் பழுதாகிவிடும். ஆகவே இடம், நடை, நேரம் எல்லாம் சரியாகச் செய்துகொண்டு, பாட்டை முணுமுணுப்பார்கள். மேல் சுரங்களைக் கீழே இறக்கிப் பாடுவார்கள். அங்கே எல்லோருக்கும் தெரிந்த விசயம் என்பதால் யாரும் யாருக்கும் அதை விளக்குவதில்லை. அக்கா அதில் மகா கஞ்சம். ஒத்திகையில் அவர் பாடுவது, ரேடியோவை அடுத்த வீட்டில் போட்ட மாதிரித்தான் கேட்கும்.

அந்த முறை நாயகனும் நாயகியும் புதியவர்கள். பெரிய நெறியாளருக்குத் தங்களைக் காட்டவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கூரை அதிரப் பாடினார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அக்காவின் முணுமுணுப்பைக் கேட்ட அந்த மனிதர், பாவம், இந்த அம்மாவுக்குக் குரல் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். எல்லோர் முன்னாலும் சொல்லி அவமானப்படுத்தவில்லை. தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பாட்டு கதையை இழுக்கிறது, எடுத்துவிடலாம், உங்களுக்கும் இலகுவாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். இசை நடத்துநர் அம்மா வேறு நாட்டில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு கடைசியில்தான் வருவார். அவருக்குப் பதிலாக இருந்த உதவிப்பெண் வாயைத் திறக்கவில்லை.

அக்கா உடைமாற்றும் அறைக்கு வந்து, தலைச்சீலையைக் கழற்றி மடித்து வைத்தார். "பாட்டை எடுத்துட்டாங்க, தங்கச்சி" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் குண்டூசிப் பெட்டி கையை விட்டு விழுந்தது. "நான் போய்ச் சொல்லட்டே அவருக்கு? ரெண்டு வசனம் காணும்."

"வேணாம். நீ சொன்னா நம்புவாரு. மரியாதைக்குப் பாட்டைத் திருப்பியும் குடுப்பாரு. எனக்கு மரியாதை வேணாம். அவரு காதால கேக்கணும்."

"அப்ப நாளைக்கு நீங்களே முழுசாப் பாடிக் காட்டுங்கோவன்."

"இத்தனை வருசம் பாடிட்டு, குரல் இருக்குன்னு ஒருத்தருக்கு நிரூபிக்கவா? அது முடியாது லா." கொட்டின குண்டூசிகளைப் பொறுக்கியபடி, அக்கா தணிந்த குரலில் சொன்னார். "ஆனா பாட்டு போனா இவ வெறும் கதவுக்காரி. எனக்கு அறுபது ஆகப்போகுது. இந்த மாசந்தான் அடுத்த வருசத்துக்கு ஆள் எடுக்கிறாங்க. அவளுக்குப் பாட முடியலையாம்னு ஒரு பேச்சுப் போதும். அடுத்த வருசம் கதவையும் வேற யாராச்சும் திறப்பாங்க."

அக்கா பயந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

இசை நடத்துநர் வந்து இறங்கியதும் அக்கா அவரிடம் ஒரே ஒரு உதவி கேட்டார். வாத்தியக்காரர்கள் அந்தப் பாட்டைப் பழகி வருவார்கள், வெட்டுவதற்கு முன் அவர்களுக்காக ஒரு தடவை வாசிக்க விடுங்கள் என்று. ஓபராவில் பாடகரும் வாத்தியக்காரரும் முதன்முதலாக ஒன்றாக இருக்கிற நாள் ஒன்று உண்டு. வேடமில்லை, நடிப்பில்லை, ஆளுக்கொரு கதிரையும் முன்னால் தாள்தாங்கியும் மட்டும்தான். அன்றைக்கு யாரும் முணுமுணுப்பதில்லை. வாத்தியக்காரருக்குக் கொடுக்கிற மரியாதை அது.

நான் உடுப்பு அளவெடுக்கிற சாட்டில் போய்ப் பின்சுவரோடு நின்றுகொண்டேன். நெறியாளர் மரியாதைக்கு வந்து, ஒரு மூலையில் கோப்பியும் லாப்டொப்புமாக இருந்தார். மூன்றாம் அங்கம் வந்தது. வெட்டின இடத்தைத் தாண்டித் தாளைப் புரட்டப் போன உதவிப்பெண்ணின் கையை இசை நடத்துநர் தடுத்தார். "நமக்காக ஒரு தடவை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கோலைத் தூக்கினார்.

அக்கா எழும்பினார். பழைய கார்டிகன், தட்டைச் செருப்பு. தாள்தாங்கியில் இரண்டு கையையும் ஊன்றினார். முதல் வரி ஆகக் கீழே, தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி வந்தது. நெறியாளர் லாப்டொப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இரண்டாம் வரியில் அந்தக் குரல் திறந்தது. எப்படிச் சொல்ல? அவ்வளவு காலம் அந்த மனிசிக்கு உடுப்பு மாட்டிய எனக்கே, இது எந்த இடத்தில் இருந்தது என்று தெரியவில்லை. சத்தம் பெரிதாகவில்லை, அறைதான் சின்னதாகிவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் சுவர் அதிர்ந்தது. மற்றவர்கள் பாடும்போது ஓய்வு கிடைத்தால் போனை நோண்டுகிற டிரம்ஸ்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார். அந்தக் கிழவி மணப்பெண்ணின் உடுப்போடு கதைத்தாள், கையை நீவினாள், கழுத்தை நீவினாள், உனக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று அதற்குச் சத்தியம் செய்தாள். எனக்குக் கண்ணீர் ஓடியது. நான் துடைக்கவும் இல்லை.

முடிந்தபோது வயலின்காரர்கள் வில்லால் தாள்தாங்கியைத் தட்டத் தொடங்கினார்கள். ஊதுகிறவர்கள் காலால் தரையைத் தேய்த்தார்கள். வாத்தியக்காரர் கைதட்டுவது அப்படித்தான், அதுவும் லேசில் தட்டமாட்டார்கள்.

நெறியாளர் எழும்பி வந்து அக்காவுக்கு முன்னால் நின்றார். "இவ்வளவு நாளும் இது எங்கே இருந்தது?" என்று கேட்டார்.

"வேலை நாளுக்கு எடுத்து வைத்திருந்தேன்" என்றார் அக்கா ஆங்கிலத்தில்.

அவர் ஒருதரம் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். அந்த ஆளை நான் மெச்சியது அப்போதுதான். "நான் பிழைவிட்டுவிட்டேன். பாட்டு இருக்கும்" என்று அவ்வளவு பேருக்கும் கேட்கச் சொன்னார். "எனக்குத் தெரியாதது வேறு ஏதாவது இருக்கிறதா?"

"ஒன்று இருக்கிறது" என்றார் அக்கா. "இவள் சாப்பிட்டுவிட்டாளா?"

அவர் சிரிக்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்துவிட்டு, "இல்லை. விருந்து நடக்கிற வீட்டில் இவளை யார் நினைக்கப்போகிறார்கள்?" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து அவர்கள் இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

அதன்பிறகு எங்களுக்குத்தான் கரைச்சல். கை பழகவேண்டும் என்று அக்கா பாரமான பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்துவைத்துக்கொண்டு, கண்ட உடுப்பையெல்லாம் தேய்த்தார். பாடகர்களின் சேர்ட், உடைப்பகுதிக்காரரின் ஜீன்ஸ், என் மகளின் பள்ளிக்கூடச் சட்டை, ஒன்றும் தப்பவில்லை. அரங்கேற்றம் வரை எங்கள் கம்பனியில் ஒருவருடைய உடுப்பிலும் ஒரு சுருக்கம் இருக்கவில்லை.

அரங்கேற்றத்தன்று நான் பக்கத் திரைக்குப் பின்னால், கடைசிக் காட்சிக்குப் போர்த்துகிற சால்வையோடு நின்றேன். அடுத்த வருடத்துக்கு ஆள் எடுக்கிற பெரியவர் நடுவரிசையில் இருந்தார். அக்கா காலையிலிருந்து ஒரு கோப்பை தண்ணீருக்கு மேல் தொடவில்லை. மேடையில் ஒரு மேசை, வெள்ளை உடுப்பு, பக்கத்தில் கூடை. பாட்டைப் பாடினார். அன்றைக்குப் பாடியதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால் குறைந்துபோகும்.

ஓபராவில் ஒரு பாட்டு பிடித்துவிட்டால் சனம் கதையை நிறுத்தி வைத்துவிட்டுக் கைதட்டும். பாடகர்கள் அந்த நேரம் வேடத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுத் தலைகுனிவார்கள், நெஞ்சில் கை வைப்பார்கள். அக்காவுக்குக் கைதட்டல் இடிந்து விழுந்தது. அவர் தலைகுனியவில்லை, நிமிரவும் இல்லை. உடுப்பைப் புரட்டிப் போட்டு மற்றப் பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார். கைதட்டல் நிற்கவில்லை. அவர் உடுப்பைத் தூக்கி உதறிக் கொளுவிவிட்டு, கூடைக்குள் கையை விட்டு ஒரு உள்பாவாடையை எடுத்து விரித்தார். அரங்கம் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, முன்னையிலும் பலமாகத் தட்டியது. முன்வரிசைகள் எழும்பின. இசை நடத்துநர் கோலைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அக்கா உள்பாவாடையை மடித்து வைத்துவிட்டு ஒரு தலையணை உறையை எடுத்தார்.

அடுத்த வருடம் அவருக்கு மூன்று வேடம் வந்தது, மூன்றும் கிழவிகள். அதற்குப் பிறகும் பல வருடம் பாடி, தானாக ஒரு நாள் போதும் என்று சொல்லிவிட்டு, மெல்பேர்ணில் பொயிண்ட் குக்கில் இருக்கிற தங்கையோடு போய் இருந்துவிட்டார். அதெல்லாம் பிறகு. அந்த நேரம் எனக்கு முன்னால் வெளிச்சத்தில் அக்கா நின்றார், அந்தச் சனத்தை ஏறெடுத்தும் பார்க்காமல் தன் வேலையைச் செய்துகொண்டு. எனக்குப் பெருமையில் நெஞ்சு வெடிக்கும் போல இருந்தது.

நெறியாளர் எப்போது வந்து என் பக்கத்தில் நின்றார் என்று தெரியாது. அவருடைய கன்னம் நனைந்திருந்தது. "இவர் இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே நிற்பார்?" என்று கேட்டார்.

நான் மேடையை எட்டிப் பார்த்தேன்.

"கூடையில் இன்னும் உடுப்பு இருக்கிறது" என்றேன்.